சான்றிதழ் இல்லாவிட்டால் டோக்கன்: என்ஜின்எக்ஸில் இரண்டாவது வாசல் வைப்பது எப்படி

உங்கள் வெப் சர்வீஸைக் கூப்பிடுகிற மெஷின்கள் எல்லாவற்றிடமும் கிளையன்ட் சான்றிதழ் (கூப்பிடுபவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் அடையாள அட்டை) இருக்கிறது. டிஎல்எஸ் (ஹெச்டிடிபிஎஸ்ஸின் பாதுகாப்பு அடுக்கு) இணைப்பு போடும்போதே யார் வருகிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது, கான்ஃபிக்கில் இரண்டே வரி, நிம்மதி. அப்புறம் ஒரு நாள் புதிதாக ஒரு தரப்பு சேருகிறது. அவர்கள் வாங்கி வைத்திருக்கும் மென்பொருளில் சான்றிதழைச் செருக இடமே கிடையாது, வேண்டுமானால் ஹெடரில் ஒரு டோக்கன் (ரகசியச் சரம்) அனுப்புகிறோம் என்கிறார்கள். மேலாளர் "அதையும் ஏத்துக்கிற மாதிரி பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போய்விடுவார். நானும் முதல்முறை இதைப் பத்து நிமிஷ வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன், இரண்டு நாள் தின்றது.

என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்துத்தான் சொல்லப்போகிறேன், எனக்குக் கைப்பழக்கம் அதில்தான். வரிகளை வெட்டி ஒட்டும் வடிவில் தரவில்லை. அடிக்கோடு போட்ட சொல் வந்தால் அது என்ஜின்எக்ஸின் டைரக்டிவ் (கான்ஃபிக் கட்டளை) அல்லது மாறி, ஆங்கில எழுத்தில் அப்படியே தட்டிக்கொள்ளுங்கள். புரியாமல் ஒட்டினால் இந்த விஷயத்தில் கதவு திறந்து கிடப்பதுகூடத் தெரியாது, ஏனென்றால் எல்லாருக்கும் 200 (வெற்றி) வந்துகொண்டிருக்கும், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள்.

எது முதலில், எது பிறகு

என்ஜின்எக்ஸ் ஒரு ரிக்வெஸ்ட்டைக் கட்டம் கட்டமாகத்தான் பார்க்கும். யூஆர்எல்லோ ஹெடரோ வந்து சேரும் முன்பே டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் முடிந்துவிடும், சான்றிதழ் கேட்பதும் வாங்குவதும் அங்கேயே. அதற்குப் பிறகு ரீரைட் கட்டம், பிறகு ஆக்சஸ் கட்டம், கடைசியில்தான் பேக்கெண்டுக்கு (பின்னால் ஓடும் உங்கள் நிரலுக்கு) அனுப்புவது. ஐபி பார்க்கும் அலவ், டினை வரிகள், பாஸ்வேர்ட் கேட்கும் ஆத்_பேசிக், இன்னொரு சர்வீஸிடம் "இவரை விடலாமா" என்று கேட்கும் ஆத்_ரிக்வெஸ்ட், இவை ஆக்சஸ் கட்டத்து ஆட்கள். சாட்டிஸ்ஃபை என்ற டைரக்டிவ் இவர்களுக்குள் மட்டும்தான் செல்லும். ஆல் என்றால் எல்லாம் தேற வேண்டும், எனி என்றால் ஒன்று தேறினால் போதும், எதுவும் எழுதாவிட்டால் ஆல்.

என் முதல் நாள் போனது இங்கேதான். சாட்டிஸ்ஃபை எனி என்று போட்டுவிட்டால் "சான்றிதழ் அல்லது பாஸ்வேர்ட்" என்று ஆகிவிடும் என நம்பினேன். ஆகாது. சான்றிதழ் சோதனை ஆக்சஸ் கட்டத்தில் இல்லவே இல்லை, எனவே எனி என்ற கணக்கில் அது சேராது. எஸ்எஸ்எல்_வெரிஃபை_கிளையன்ட் ஆன் என்று இருந்தால் சான்றிதழ் இல்லாதவருக்கு 400 (தப்பான ரிக்வெஸ்ட்) போய்விடும், அவர் டோக்கனை நீட்டும் வரை யாரும் காத்திருப்பதில்லை. "அல்லது" என்பதை நாமேதான் கட்ட வேண்டும்.

அதே காரணத்தால் இன்னொன்று: எஸ்எஸ்எல்_வெரிஃபை_கிளையன்ட் வரியை சர்வர் பிளாக்கில்தான் எழுத முடியும் (அதற்கு மேலே ஹெச்டிடிபி பிளாக்கிலும் எழுதலாம்), லொகேஷனுக்குள் எழுத முடியாது. இந்தப் பாதைக்குச் சான்றிதழ், அந்தப் பாதைக்கு வேண்டாம் என்று ஹேண்ட்ஷேக்கின்போது சொல்ல வழியில்லை, அப்போது பாதையே தெரியாதே. அப்பாச்சியில் லொகேஷன் வாரியாக எழுதலாம், எழுதியும் பழகியிருக்கிறோம், ஆனால் அது நடுவில் இணைப்பை மறுபேச்சு பேசுவதை நம்பியது. 2018-இல் வந்த டிஎல்எஸ் 1.3 அந்த மறுபேச்சையே தூக்கிவிட்டது. அதற்குப் பதில் வந்த முறையை பிரவுசர்கள் ஆதரிப்பதில்லை, ஹெச்டிடிபி/2-இலும் அதற்குத் தடை. ஆகவே அப்பாச்சி வைத்திருப்பவர்களும் சர்வர் மட்டத்தில் யோசிப்பதே நல்லது.

ஆப்ஷனல் என்ற ஒற்றைச் சொல்

ஆன் என்பதை ஆப்ஷனல் என்று மாற்ற வேண்டும். சான்றிதழ் கொடுத்தால் சரிபார், கொடுக்காவிட்டால் விடு என்று பொருள். அந்த "விடு"வைக் கவனியுங்கள். இந்த ஒரு சொல்லை மாற்றி ரீலோட் செய்த நொடியில், வேறு சோதனை எதுவும் எழுதியிருக்காவிட்டால், உங்கள் சர்வீஸ் ஊருக்கே திறந்துவிட்டது. எனவே வரிசையை மாற்றிச் செய்யுங்கள். $எஸ்எஸ்எல்_கிளையன்ட்_வெரிஃபை என்ற மாறியின் மதிப்பு சக்ஸஸ் இல்லையென்றால் 403 (அனுமதி இல்லை) திருப்பு என்று ஓர் இஃப் வரியை முதலில் எழுதி ரீலோட் செய்யுங்கள், பிறகு ஆப்ஷனல் ஆக்குங்கள், மற்ற வழியைக் கட்டி முடித்த பிறகு அந்த இஃப்பை எடுங்கள். ரிட்டர்ன் மட்டும் உள்ள இஃப் என்ஜின்எக்ஸில் ஆபத்தில்லாத வகை, பயப்பட வேண்டாம்.

அந்த மாறிக்கு மூன்று விதமான மதிப்பு வரும். சான்றிதழ் சரி என்றால் சக்ஸஸ், கொடுக்கவே இல்லை என்றால் நன், கொடுத்தும் தேறவில்லை என்றால் ஃபெயில்டு என்பதோடு ஒட்டிக் காரணமும் இருக்கும். காரணம் வருவது 1.11.7 பதிப்பிலிருந்து.

எஸ்எஸ்எல்_கிளையன்ட்_சர்ட்டிஃபிகேட் என்ற வரியில் எந்த சிஏவின் (சான்றிதழில் கையெழுத்துப் போடும் அமைப்பின்) கோப்பைக் காட்டுகிறீர்கள் என்பதுதான் உண்மையான பூட்டு. உங்கள் சொந்த சிஏவை மட்டும் காட்டுங்கள். சிலர் சோம்பேறித்தனத்தில் லினக்ஸோடு வரும் பொது சிஏ தொகுப்பையே காட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் உலகத்தில் யார் எந்தப் பொது சிஏவிடம் கிளையன்ட் பயன்பாட்டுக்கும் செல்லுகிற சான்றிதழ் வாங்கியிருந்தாலும் சக்ஸஸ்தான். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவசப் பொது சிஏவின் சான்றிதழையே கிளையன்ட் சான்றிதழாகவும் பயன்படுத்தி வந்தவர்களுக்கு வேறொரு செய்தி: கிளையன்ட் பயன்பாட்டுக்கான அனுமதியை 2026-இல் நிறுத்துவதாக அவர்கள் 2025-இலேயே அறிவித்துவிட்டார்கள். சொந்த சிஏ வைத்துக்கொள்வதைத் தள்ளிப்போட இனி நியாயம் இல்லை.

அந்தக் கோப்பில் உள்ள சிஏ பெயர்கள் ஹேண்ட்ஷேக்கின்போது கிளையன்ட்டுக்கும் போகும். கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி அந்தப் பட்டியலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது, கொடுத்த சான்றிதழை அனுப்பிவிடும். ஜாவா கிளையன்ட்டோ பட்டியலில் தன் சிஏ பெயர் இல்லையென்றால் சத்தமே போடாமல் சான்றிதழை அனுப்பாமல் விட்டுவிடும். ஆன் என்று இருந்த காலத்தில் இது 400-ஆகத் தெரிந்திருக்கும். ஆப்ஷனல் ஆக்கிய பிறகு அதே கிளையன்ட் "சான்றிதழ் இல்லாதவர்" வரிசையில் நின்று 401 (யாரென்று காட்டு) வாங்கும், நீங்கள் டோக்கன் பக்கம் பிழையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

எளிய வழி: சான்றிதழ் அல்லது பாஸ்வேர்ட்

இரண்டு மூன்று கிளையன்ட்தான், பாஸ்வேர்ட் போதும் என்றால் தனியாக எதுவும் எழுத வேண்டாம். ஆத்_பேசிக் வரியில் வழக்கமாக ஒரு பெயர் கொடுப்போம் அல்லவா, அந்த இடத்தில் மாறியும் கொடுக்கலாம், மாறியின் மதிப்பு ஆஃப் என்று வந்தால் பாஸ்வேர்ட் கேட்பதையே விட்டுவிடும். ஆக, ஒரு மேப் பிளாக் எழுதுங்கள்: $எஸ்எஸ்எல்_கிளையன்ட்_வெரிஃபை உள்ளே போகிறது, சக்ஸஸ் என்றால் ஆஃப், டிஃபால்ட்டாக ஏதாவது ஒரு பெயர், விளைவு $கேள்வி மாதிரி ஒரு மாறியில் (உங்கள் கோப்பில் பெயர் ஆங்கிலத்தில்). ஆத்_பேசிக்கில் அந்த மாறி. ஆத்_பேசிக்_யூசர்_ஃபைல் வரியில் ஹெச்டிபாஸ்வேர்ட் கோப்பு. அவ்வளவுதான், சான்றிதழ் உள்ளவர் நேரே போவார், இல்லாதவரிடம் பாஸ்வேர்ட் கேட்கும். மேப்பைத் தலைகீழாக எழுதிவிடாதீர்கள், டிஃபால்ட் எப்போதும் "கேள்" பக்கமே இருக்க வேண்டும்.

பாஸ்வேர்ட் கோப்பில் பீக்ரிப்ட் (பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமிக்கும் ஒரு முறை) போடுவதா என்று கேட்பார்கள். பேசிக் முறையில் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் பாஸ்வேர்டைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும், நினைவில் வைத்துக்கொள்வதெல்லாம் கிடையாது. பீக்ரிப்ட் வேண்டுமென்றே மெதுவாகச் செய்யப்பட்டது, அது முடியும் வரை என்ஜின்எக்ஸின் அந்த வொர்க்கர் வேறு யாரையும் கவனிக்காது. நொடிக்கு நூறு ரிக்வெஸ்ட் வரும் இடத்தில் அது வலிக்கும். மனிதர் யோசித்த பாஸ்வேர்டாக இல்லாமல் நீளமாக, தற்செயலாக உருவாக்கிய ஒன்றைக் கொடுத்து, ஏபிஆர்1 வகையில் சேமித்துக்கொள்வது என் வழக்கம். ஏபிஆர்1-ஐ என்ஜின்எக்ஸ் தானே கையாளும், இயங்குதளத்தின் தயவு தேவையில்லை.

இந்த வழியில் ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்து எழுந்தேன் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். யார் வந்தது என்று பேக்கெண்டுக்கும் லாகுக்கும் $ரிமோட்_யூசர் மாறியை அனுப்புவோம். அந்த மாறி பாஸ்வேர்ட் சரிபார்க்கப்பட்டதா என்றெல்லாம் பார்க்காது, ஆத்தரைசேஷன் ஹெடரில் என்ன பெயர் இருக்கிறதோ அதை அப்படியே சொல்லும். இப்போது சான்றிதழ் வைத்திருக்கும் ஒருவர் கூடவே இன்னொருவரின் பெயரும் ஏதோ ஒரு பொய் பாஸ்வேர்டும் போட்டு ஹெடர் அனுப்பினால்? சான்றிதழ் சக்ஸஸ், எனவே பாஸ்வேர்ட் சோதனை ஆஃப், ஆனால் $ரிமோட்_யூசரில் அந்த இன்னொருவர் பெயர். பேக்கெண்ட் அதை நம்பி அவருடைய தரவைத் தூக்கிக் கொடுத்துவிடும்.

மருந்து, இன்னொரு மேப். சக்ஸஸ் என்றால் மதிப்பு $எஸ்எஸ்எல்_கிளையன்ட்_எஸ்_டிஎன், அதாவது சான்றிதழில் உள்ள பெயர். இல்லையென்றால் மட்டும் $ரிமோட்_யூசர். முன்னொட்டு ஒன்றும் சேருங்கள், சான்றிதழ் வழியில் வந்தவருக்கு ஒன்று, பாஸ்வேர்ட் வழியில் வந்தவருக்கு வேறொன்று. இரண்டு வாசலிலும் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால்கூட ஒருவர் மற்றவராக மாறிவிட முடியாது. மேப்பின் மதிப்பில் சொல்லையும் மாறியையும் சேர்த்து எழுதுவது 1.11.2-இலிருந்து முடியும். டிஎன்னின் பகுதிகள் வரும் வரிசையும் 1.11.6-இல் மாறியது, பழைய கான்ஃபிக்கில் ரெஜெக்ஸ் எழுதி வைத்திருப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

டோக்கன் வழி

கிளையன்ட்டுகள் கூடும், அடிக்கடி சேர்ப்பதும் நீக்குவதும் இருக்கும் என்றால் ஆத்_ரிக்வெஸ்ட்தான் சரி. டோக்கன்களை மேப்பில் எழுதி வைத்துச் சமாளிப்பவர்களும் உண்டு, நான் பரிந்துரைக்க மாட்டேன். மேப்பில் எழுதும் சாதாரணச் சொற்கள் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காமல் பொருந்தும், அது டோக்கனுக்கு நல்லதல்ல. நீளமான டோக்கன் போட்டால் மேப்_ஹாஷ்_பக்கெட்_சைஸ் போதவில்லை என்று என்ஜின்எக்ஸ் கிளம்பவே மறுக்கும். எல்லாவற்றுக்கும் மேல், ரகசியம் கான்ஃபிக் கோப்பில் உட்கார்ந்திருக்கும், கான்ஃபிக் கிட் களஞ்சியத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஆத்_ரிக்வெஸ்ட் மூலக்குறியீட்டிலிருந்து நீங்களே கட்டினால் தானாக வராது, பில்ட் செய்யும்போது சேர்க்கச் சொல்ல வேண்டும். டெபியன் தொகுப்பிலும் என்ஜின்எக்ஸ் தளத்தின் தொகுப்பிலும் இருக்கிறது. வேலை செய்யும் விதம் எளிது: உள்ளே வரும் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் என்ஜின்எக்ஸ் நீங்கள் காட்டிய உள் பாதைக்கு ஒரு துணை ரிக்வெஸ்ட் அனுப்பும். 2 என்று தொடங்கும் எண் திரும்பி வந்தால் உள்ளே விடும், 401 அல்லது 403 வந்தால் தடுக்கும், வேறு எது வந்தாலும் 500. அந்தச் சின்ன சர்வீஸ் செத்துப்போனாலும் கதவு மூடியே இருக்கும் என்பது இதன் அழகு. மூடியே இருக்கும் என்றால் உண்மையானவர்களுக்கும் மூடித்தான் இருக்கும், எனவே அதைக் கண்காணிப்பில் சேர்த்துவிடுங்கள்.

உள் பாதைக்கான லொகேஷனில் இன்டர்னல் என்று எழுதுங்கள், வெளியிலிருந்து யாரும் நேரே கூப்பிட முடியாது. ப்ராக்ஸி_பாஸ்_ரிக்வெஸ்ட்_பாடி ஆஃப், கூடவே கன்டென்ட்-லெங்த் ஹெடரை வெற்றாக்குங்கள். இரண்டாவதை மறந்தால் துணை சர்வீஸ் வராத பாடிக்காகக் காத்துக்கொண்டே இருக்கும், "கெட் மட்டும் வேலை செய்கிறது, போஸ்ட் தொங்குகிறது" என்ற புகாரில் பாதி இதுதான். அப்புறம் ப்ராக்ஸி_செட்_ஹெடர் வரிகளில் $எஸ்எஸ்எல்_கிளையன்ட்_வெரிஃபை மதிப்பையும் சான்றிதழின் டிஎன்னையும் இரண்டு ஹெடராக அனுப்புங்கள். ஆத்தரைசேஷன் ஹெடர் தானாகவே போகும்.

துணை சர்வீஸை எந்த மொழியிலும் ஐம்பது அறுபது வரியில் எழுதிவிடலாம். சான்றிதழ் ஹெடரில் சக்ஸஸ் வந்திருக்கிறது, டிஎன் நம் பட்டியலில் இருக்கிறது என்றால் 204, கூடவே "வந்தவர் இன்னார்" என்று ஒரு பதில் ஹெடர். நன் என்று வந்திருந்தால் ஆத்தரைசேஷன் ஹெடரில் உள்ள பேரர் டோக்கனை எடு, அதன் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷைக் (திரும்ப அவிழ்க்க முடியாத சுருக்கத்தை) கணக்கிடு, தரவுத்தளத்தில் தேடு, இருந்தால் 204, இல்லையென்றால் 401, கூடவே டபிள்யூடபிள்யூடபிள்யூ-ஆத்தென்டிகேட் ஹெடரில் பேரர் என்று சொல். 401 போகும்போது அந்த ஹெடரை என்ஜின்எக்ஸ் வெளியே கடத்திவிடும். டோக்கன் 32 பைட் தற்செயல் மதிப்பாக இருந்தால் எஸ்ஹெச்ஏ-256 போதும், பீக்ரிப்ட் வேண்டாம், யாரும் ஊகித்துப் பிடிக்கிற பொருள் இல்லை அது. டோக்கனின் அசல் மதிப்பைச் சேமிக்கவே கூடாது, கொடுக்கும்போது ஒரு தடவை காட்டுவதோடு சரி.

இரண்டும் சேர்ந்து வந்தால்? சான்றிதழ் ஒருவருடையது, டோக்கன் இன்னொருவருடையது. என் தீர்ப்பு: நீட்டிய எதுவும் பொய்யாகவோ முரணாகவோ இருந்தால் வெளியே, 403. "ஒன்று சரியாக இருக்கிறதே" என்று தாராளமாக விட்டால் திருடின டோக்கனைச் சோதித்துப் பார்க்க நம் சர்வரே உதவி செய்யும். இதில் மாற்றுக்கருத்து உண்டு என்று தெரியும், எங்கள் இடத்தில் இப்படி வைத்துப் பெரிய தொல்லை எதுவும் வரவில்லை.

பிறகு ஆத்_ரிக்வெஸ்ட்_செட் வரியால் அந்தப் பதில் ஹெடரை ஒரு மாறியில் பிடித்து, பேக்கெண்டுக்குப் போகும் ப்ராக்ஸி_செட்_ஹெடரில் கொடுங்கள். பேக்கெண்ட் இனிமேல் அந்த ஒரு ஹெடரை மட்டும் பார்க்கும், வந்தவர் எந்த வாசலில் வந்தார் என்று அது தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வெளியிலிருந்து வருபவரும் அதே பெயரில் ஹெடர் அனுப்பலாம் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ப்ராக்ஸி_செட்_ஹெடர் போட்ட லொகேஷனில் நம் மதிப்பு அவர் அனுப்பியதை அழித்துவிடும், ஆனால் போட மறந்த இன்னொரு லொகேஷனில் அவர் அனுப்பியது அப்படியே உள்ளே போகும். இதில் என்ஜின்எக்ஸின் ஒரு குணம் வேறு காலை வாரும்: ஒரு லொகேஷனுக்குள் ஒரே ஒரு ப்ராக்ஸி_செட்_ஹெடர் எழுதினாலும் சர்வர் மட்டத்தில் எழுதிய அத்தனை ப்ராக்ஸி_செட்_ஹெடரும் அந்த லொகேஷனுக்கு இல்லாமல் போய்விடும். எல்லாவற்றையும் ஒரு தனிக் கோப்பில் வைத்து ஒவ்வொரு லொகேஷனிலும் இன்க்ளூட் செய்வதுதான் எனக்கு நிம்மதி தந்தது. பேக்கெண்ட் 127.0.0.1-இல் மட்டும் காது கொடுக்கட்டும், இல்லாவிட்டால் என்ஜின்எக்ஸைச் சுற்றிக்கொண்டு போய் நேரே ஹெடர் போட்டுவிடுவார்கள்.

ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் துணை ரிக்வெஸ்ட்டா, வேகம் குறையுமே என்று ப்ராக்ஸி_கேஷ் போடத் தோன்றும். போடலாம், ஆனால் கேஷ் சாவி இயல்பாக யூஆர்எல்லை வைத்துத்தான். அப்படியே விட்டால் முதலில் வந்தவருக்குக் கிடைத்த "சரி" அடுத்து டோக்கனே இல்லாமல் வருபவருக்கும் கிடைக்கும். ப்ராக்ஸி_கேஷ்_கீ வரியில் ஆத்தரைசேஷன் ஹெடரையும் சான்றிதழின் விரல்ரேகையையும் சேர்த்துவிட்டுத்தான் கேஷைத் தொட வேண்டும். டோக்கனை ரத்து செய்தபின் எவ்வளவு நேரம் அது உயிரோடிருந்தால் பரவாயில்லையோ அவ்வளவு நேரம்தான் கேஷ். நான் 30 நொடிக்கு மேல் வைத்ததில்லை.

ஐபி என்ற மூன்றாவது வாசல்

அலுவலக வலையிலிருந்து வந்தால் எதுவும் கேட்காதே, வெளியிலிருந்து வந்தால் டோக்கன் கேள் என்று சொல்வார்கள். இதற்கு சாட்டிஸ்ஃபை எனி நன்றாகவே பொருந்தும்: அலவ் வரியில் உள் வலை, டினை ஆல், கூடவே ஆத்_ரிக்வெஸ்ட். மூன்றும் ஆக்சஸ் கட்டம், எனவே உண்மையான "அல்லது".

முன்னால் லோட் பேலன்ஸர் (வரும் இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது) இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் என்ஜின்எக்ஸுக்குத் தெரியும் ஐபி பேலன்ஸருடையது, அது பெரும்பாலும் 10 என்று தொடங்கும் உள் ஐபியாக இருக்கும், நீங்கள் 10.0.0.0/8-ஐ அலவ் செய்திருப்பீர்கள், ஆக உலகமே உள் வலை. செட்_ரியல்_ஐபி_ஃப்ரம் வரியில் பேலன்ஸரின் முகவரியை மட்டும் எழுதி, ரியல்_ஐபி_ஹெடரில் எந்த ஹெடர் என்று சொல்லி, ரியல்_ஐபி_ரிகர்சிவ் ஆன் செய்யுங்கள். பேலன்ஸரே டிஎல்எஸ்ஸை முடித்துவைக்கிறது என்றால் கிளையன்ட் சான்றிதழ் என்ஜின்எக்ஸ் வரை வரவே வராது, இதுவரை சொன்னது எதுவும் நடக்காது. அங்கே பேலன்ஸரை வெறும் டிசிபி கடத்தியாக வைக்க வேண்டும், அல்லது சான்றிதழ் சோதனையை பேலன்ஸரிடமே ஒப்படைக்க வேண்டும்.

காலாவதி, ரத்துப் பட்டியல்

ஒரு கூட்டாளி நிறுவனம். அவர்களுடைய கருவிகளுக்கெல்லாம் ஒரே நாளில் ஒரு வருடச் சான்றிதழ் போட்டார்கள். புதுப்பிக்க மறப்பார்கள் என்று தெரிந்து, முன்னெச்சரிக்கையாக டோக்கனும் கொடுத்து வைத்திருந்தேன். மறந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எல்லாக் கருவிகளும் ஒரே சமயத்தில் 400 வாங்கின. டோக்கன் சரியாகத்தான் இருந்தது, ஆனால் கருவி காலாவதியான சான்றிதழையும் சேர்த்தே அனுப்பியது. ஆப்ஷனல் என்றால் "கொடுக்காவிட்டால் பரவாயில்லை" என்றுதான் அர்த்தம், "தப்பாகக் கொடுத்தாலும் பரவாயில்லை" என்பதல்ல. தப்பான சான்றிதழ் வந்தால் ஆக்சஸ் கட்டம் வரைக்கும் போகாமலே 400.

ஆப்ஷனல்_நோ_சிஏ என்று மாற்றினால் தீருமா? தீராது. அது நம் சிஏ கையெழுத்துப் போடாத சான்றிதழ்களை மட்டும்தான் கண்டுகொள்ளாமல் விடும், காலாவதியானதை விடாது. அதோடு அதைப் போட்டால் சரிபார்ப்புப் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில். நான் செய்தது வேறு. என்ஜின்எக்ஸ் தனக்குள் தப்பான சான்றிதழுக்கு 495, சான்றிதழ் வராததற்கு 496 என்று எண் வைத்திருக்கிறது, வெளியே போகும்போதுதான் அது 400 ஆகிறது. எரர்_பேஜ் 495 என்று எழுதி ஒரு சின்ன ஜேசன் பதிலுக்குத் திருப்பிவிட்டு, அந்தப் பதிலில் $எஸ்எஸ்எல்_கிளையன்ட்_வெரிஃபை மதிப்பைப் போட்டேன். சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது என்று அதிலேயே வரும். மறுபக்கம் இருப்பவர் லாகைத் திறந்தவுடன் காரணம் தெரிந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை எனக்கு போன் வராது.

ரத்துப் பட்டியல் கோப்பை எஸ்எஸ்எல்_சிஆர்எல் வரியில் காட்டுபவர்களுக்கு: அந்தக் கோப்புக்கும் காலாவதித் தேதி உண்டு. அது தாண்டினால் எல்லாச் சான்றிதழும் தோற்கும், நல்லவையும் சேர்த்து. இடைநிலை சிஏ இருந்தால் சங்கிலியில் உள்ள ஒவ்வொரு சிஏவுக்கும் பட்டியல் வேண்டும். புதுக் கோப்பு வைத்தபின் ரீலோட் செய்யாவிட்டால் பழையதே ஓடும். இந்த மூன்றையும் க்ரானில் (நேரம் குறித்து வேலைகளைத் தானாக ஓட்டும் வசதியில்) போட முடியாது என்றால், ரத்தை துணை சர்வீஸின் தரவுத்தளத்தில் டிஎன் பட்டியலாக வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

பிரவுசரும் வந்தால்

மெஷின்கள் வரும் அதே ஹோஸ்ட்டுக்கு மனிதர்களும் பிரவுசரில் வந்தால், ஆப்ஷனல் போட்ட அன்றே "எந்தச் சான்றிதழைப் பயன்படுத்த?" என்று பெட்டி எழும்பும். பொருந்துகிற சான்றிதழ் கணினியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் வரும் என்பதால் உங்களுக்கு வராது, கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு வரும். வேறு துணைப்பெயரில் (சப்டொமைனில்) சர்வர் பிளாக் வையுங்கள், ஒன்றில் சான்றிதழ், இன்னொன்றில் டோக்கன் மட்டும். உண்மையைச் சொன்னால் டோக்கன்காரர்களுக்குத் தனி ஹோஸ்ட் கொடுக்க முடிந்தால் மேலே எழுதியதில் பாதி தேவையே இல்லை. புது முகவரியை எல்லாரிடமும் மாற்றச் சொல்ல முடியாத இடத்துக்குத்தான் இந்தப் பாடு.

ஒரே ஐபி, ஒரே போர்ட்டில் இப்படிப் பல சர்வர் பிளாக் வைப்பவர்கள் என்ஜின்எக்ஸ் பதிப்பைப் பாருங்கள். டிஎல்எஸ் 1.3-இல் ஒரு பிளாக்கில் போட்ட செஷனை இன்னொரு பிளாக்கில் தொடர்ந்து, அங்கே கேட்க வேண்டிய சான்றிதழைத் தாண்டிப் போக முடிந்த ஓட்டை 2025 பிப்ரவரியில் அடைக்கப்பட்டது. 1.26.3 அல்லது 1.27.4, அதற்கு மேல் இருக்க வேண்டும். 421 என்ற எண் லாகில் தென்பட்டால் பதறாதீர்கள், ஹேண்ட்ஷேக்கில் ஒரு பெயரும் ஹோஸ்ட் ஹெடரில் இன்னொரு பெயரும் சொல்லி சான்றிதழ் கேட்கும் பிளாக்குக்குள் நுழையப் பார்த்ததை என்ஜின்எக்ஸ் தடுத்திருக்கிறது.

சோதித்துப் பார்ப்பது

பேக்கெண்ட் தயாராகவில்லை, சும்மா ரிட்டர்ன் 200 போட்டுச் சோதிப்போம் என்று நினைப்பீர்கள். என் இரண்டாம் நாள் அதில் போனது. ரிட்டர்ன் ரீரைட் கட்டத்திலேயே பதிலைக் கொடுத்துவிடும், ஆக்சஸ் கட்டமே வராது, டோக்கன் இல்லாமலும் 200, பொய் டோக்கனுக்கும் 200. கான்ஃபிக்கைக் கலைத்துக் கலைத்து எழுதினேன், தப்பு சோதனையில் இருந்தது. ஒரு நிலையான கோப்பையோ உண்மையான ஒரு குட்டி பேக்கெண்டையோ வைத்துச் சோதியுங்கள்.

என்ஜின்எக்ஸ் -டி போட்டு கான்ஃபிக் சரிதானா என்று பார்த்து ரீலோட் செய்த பிறகு, கர்லை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். சான்றிதழ் மட்டும் கொடுத்தால் 200. டோக்கன் மட்டும், 200. இரண்டும் இல்லை, 401. பொய் டோக்கன், 401. நீங்களே அவசரத்துக்கு உருவாக்கிய வேறொரு சிஏவின் சான்றிதழ், 400. காலாவதியான சான்றிதழும் நல்ல டோக்கனும் சேர்ந்து, 400, உங்கள் ஜேசன் பதிலோடு. ஒருவரின் சான்றிதழோடு இன்னொருவரின் டோக்கன், 403. கடைசியாக "வந்தவர் இன்னார்" ஹெடரை நீங்களே கையால் போட்டு, டோக்கன் இல்லாமல் ஒன்று, டோக்கனோடு ஒன்று: முதலாவது 401, இரண்டாவதில் பேக்கெண்ட் லாகில் டோக்கனுக்கு உரியவர் பெயர்தான் இருக்க வேண்டும். எந்த சிஏ பெயர்கள் வெளியே போகின்றன என்பதை ஓபன்எஸ்எஸ்எல்லின் எஸ்_கிளையன்ட் காட்டும். இவற்றையெல்லாம் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டாகச் சேமித்து ஒவ்வொரு முறை கான்ஃபிக் மாறும்போதும் ஓட்டுங்கள். எதிர்பார்த்த எண்ணை ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து வருபவர் (பெரும்பாலும் நீங்களேதான்) ஊகிக்க வேண்டியிருக்காது.

லாக்_ஃபார்மட்டில் $எஸ்எஸ்எல்_கிளையன்ட்_வெரிஃபை, வந்தவர் பெயர், எந்த வாசல் என்ற மூன்றையும் சேருங்கள், ஆத்தரைசேஷன் ஹெடரை மட்டும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். டோக்கனை யூஆர்எல்லில் கேள்விக்குறிக்குப் பின்னால் அனுப்ப யாராவது அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள், அது ஆக்சஸ் லாகில் தானாகவே பதிந்துவிடும். அந்த "எந்த வாசல்" என்ற பத்தியை மாதம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். டோக்கன் கேட்டு வந்த அந்தத் தரப்பு தன் மென்பொருளை மாற்றிவிட்டு சான்றிதழுக்கு வந்துவிட்டது, டோக்கன் வாசலில் மூன்று மாதமாக ஒரு ரிக்வெஸ்ட்கூட இல்லை என்று தெரிந்தால், அந்த டோக்கனை ரத்து செய்துவிட்டு ஆப்ஷனலை மறுபடி ஆன் ஆக்கிவிடலாம்.